புறங்கையில் வாங்கிய தண்ணீர்

சுப்புராயன் எந்தத் தண்ணீரையும் உள்ளங்கையில் வாங்கிப் பார்க்கமாட்டார். படகு மோட்டார் உறுமி ஓடத் தொடங்கியதும் அதன் முதுகிலிருக்கும் சிறு துளையிலிருந்து ஒரு நீர்க்கம்பி வெளியே பீய்ச்சும். அதற்குக் கீழே இடது கையைக் கவிழ்த்து நீட்டுவார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மேடு தட்டியிருக்கிற சதையில்தான் தண்ணீர் விழ வேண்டும். விழுந்து, மணிக்கட்டைச் சுற்றி ஓடி, முழங்கையில் ஒரு சொட்டாகத் திரண்டு தொங்கும்வரை கண்களை மூடியிருப்பார். கையை உதறமாட்டார். ஈரத்தோடு பிடரியில் ஒரு தேய்ப்பு. அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பார்.

"நல்லாருக்கு. எடுத்துக்கிட்டுப் போ."

கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையில் தகரக் கூரை போட்ட அவருடைய ஷெட்டுக்கு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருப்பார்கள். பழக்கம் மோட்டாரோடு நிற்கவில்லை. குளிக்கப் போனால் பக்கெட் தண்ணீரைப் புறங்கையால்தான் தொடுவார். மனைவி இருசம்மாளுக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் புறங்கை. டீக்கடையில் கிளாஸ் வந்தால் அதன் வயிற்றில் புறங்கை.

"கண்ணாலத்தன்னைக்கு எங்கப்பா தாரை வார்த்தாரு. அந்தத் தண்ணியக்கூட இந்த மனுசன் கையக் கவுத்துத்தான் காட்டுனாரு. ஐயருதான் திருப்பி வுட்டாரு" என்று இருசம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பொய்தான். ஆனால் சுப்புராயன் மறுத்ததில்லை.

பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவர் கடற்கரை ஆள் இல்லை. நெல்லிக்குப்பத்துக்குப் பக்கம் கரும்பு போட்ட குடும்பம். பதினாறு வயதிலேயே கொல்லையில் ஆயில் எஞ்சினோடு மல்லுக்கட்டியவர். கிணற்றிலிருந்து இறைக்கிற தண்ணீரிலேயே ஒரு கிளைக்குழாய் போட்டு எஞ்சினுக்கும் கொடுப்பார்கள். எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு அது வாய்க்காலில் போய் விழும். விழுகிற தண்ணீரைத் தொட்டால் எஞ்சினின் உடம்பு எப்படியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மண்வெட்டி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கைக்கு அது தெரியாது. "புறங்கை பொய் சொல்லாது" என்பார்.

தண்ணீர் ஆழத்துக்குப் போய், நீர்மூழ்கி மோட்டார்கள் வந்து, ஆயில் எஞ்சின்கள் பழைய இரும்புக் கடைக்குப் போனபோது அவரும் பிழைப்புத் தேடி முதுநகருக்கு வந்தார். சுனாமிக்குப் பிறகு கரையெல்லாம் ஃபைபர் படகுகளும் பின்னால் மாட்டுகிற மோட்டார்களும் வந்து இறங்கிய காலம் அது. பிரித்துப் பார்க்க ஆளில்லை. இவர் பிரித்தார். மீன்பிடிக்கிறவர்கள் மத்தியில் அவருக்குக் 'கரும்பு' என்று பெயர் விழுந்தது. கேலியாகத் தொடங்கி, கடைசியில் விலாசமாகவே ஆகிவிட்டது. கரும்பு ஷெட் என்று கேட்டால் ஐஸ் ஏற்றுகிறவர்கள்கூட வழி சொல்வார்கள்.

மோட்டாரைக் கழுவியே காலம் போனதில் கையெல்லாம் பெட்ரோல் வாசனை. தண்ணீரை வாங்கும் அந்த இடத்தில் கொஞ்சம் வெளுப்பாக, பழைய ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு திட்டு இருந்தது. பெட்ரோல் தின்ற இடம் என்று அவர் சொன்னார். தேமல் என்று இருசம்மாள் சொன்னாள். அதற்கு மேல் இருவரும் பேசியதில்லை.

பக்கிரி முடசலோடைக்காரன். சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளையைத் தாண்டி, உப்பங்கழி கடலோடு சேருகிற இடத்துக்குப் பக்கத்து ஊர். சின்ன படகு, தனியாகவே போய் நண்டு வலை விடுகிறவன். அவனுடைய மோட்டார் சுனாமிக்குப் பிறகு வந்த கூட்டத்தில் ஒன்று. அதோடு வந்த மற்றதெல்லாம் துருவாகிப்போன பிறகும் அது மட்டும் சுப்புராயன் கையால் ஓடிக்கொண்டிருந்தது. அந்த உரிமையில் அவரை மாமா என்பான். அவர் அவனை மாப்ள என்பார். அவன் மனைவி தில்லையம்மாளுக்கு அவர் அண்ணன்.

சித்திரைக் கடைசியில் ஒருநாள் மோட்டாரைச் சரக்கு ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தான்.

"மறுபடியும் பூ உதுந்துடுச்சி மாமா."

மோட்டாரின், தண்ணீருக்குள் இறங்குகிற காலுக்குள், இதழ் இதழாக, பூ மாதிரி ஒரு ரப்பர் சக்கரம் இருக்கிறது. அது சுழன்றுதான் கடல் தண்ணீரை இழுத்து மேலே அனுப்பி எஞ்சினைக் குளிர வைக்கும். முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டிவிட்டது. அதைத் தாண்டும்போதெல்லாம் தண்ணீரோடு மணலும் உள்ளே போய் ரப்பரை அரைத்துவிடும். மேலே போகிற வழியெல்லாம் உப்பு வேறு பொருக்குக் கட்டியிருந்தது. சுப்புராயன் எஞ்சினின் தலையைக் கழற்றி உள்ளே பார்த்தார். விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஈர்க்குச்சிதான் நுழைந்தது.

"வேற பூ போட்டா ஓடும். ஆனா எத்தன நாளிக்கி? சரியா அலை ஒடையற எடத்துல நின்னுச்சின்னா என்னா பண்ணுவ?"

"அதத்தான் நானும் கேக்கறேன். போன வாரம் நின்னுச்சி. துடுப்பு போட்டு வந்து சேர்ந்தேன். தில்லைக்கிச் சொல்லல." பக்கிரி மோட்டாரின் மூடியை, நோயாளியின் போர்வையைச் சரிசெய்கிறவன் மாதிரி, மறுபடி மாட்டினான். "புதுசு வாங்க நமக்கு வக்கு இல்ல மாமா. இது போச்சின்னா நான் அடுத்தவன் படகுல ஏறணும். இந்த வயசுக்கு மேல அவன் காட்டற எடத்துல வல வுடணும். அதவிட கரையிலியே ஒக்காந்துக்கலாம்."

அவன் போன பிறகும் சுப்புராயன் அந்த அடைத்த துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே உப்பனாறு சேறும் பாலிதீனுமாகப் போய்க்கொண்டிருந்தது. கடல் தண்ணீரை உள்ளே விட்டால்தானே உப்பும் மணலும்? விடாமல் இருந்தால்? நெல்லிக்குப்பத்துக் கொல்லையில், கிணறு வற்றிய வருடம், ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் ஊற்றி அதையே எஞ்சினுக்குள் சுற்றிச் சுற்றி வரவைத்தது ஞாபகம் வந்தது. மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டார்.

ரப்பர் பூவை எடுத்துவிட்டார். கடல் தண்ணீர் ஏறும் வழியை அடைத்தார். உப்பைக் கரைத்து, குடைந்து, வழியைத் திறந்தார். படகில் வைக்க ஒரு பிளாஸ்டிக் கேன். அதில் நல்ல தண்ணீர். கரும்புக்கு மருந்து அடிக்கிற பேட்டரி மெஷினிலிருந்து ஒரு சின்ன பம்பு. பம்பு கேனிலிருந்து தண்ணீரை எஞ்சினுக்கு அனுப்பும். எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருகிற தண்ணீர், பழைய ஏசியிலிருந்து கழற்றிய செம்புக் குழாய்ச் சுருள் வழியாகப் போகும். சுருள் படகின் பின்பக்கம் கடலில் முங்கியபடி தொங்கும். கடல் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆறின தண்ணீர் கேனுக்கே திரும்பும். ஒரு சொட்டுக் கடல் தண்ணீர் உள்ளே வராது.

"மோட்டாருக்கு வூட்டுச் சாப்பாடு போடறேன்னு சொல்லு" என்றான் பக்கிரி, பார்க்க வந்தபோது.

"ஆமா. ஓட்டல்ல சாப்புட்டு வயிறு கெட்டுப்போச்சில்ல."

ஆற்றங்கரையில் கட்டியிருந்த படகில் மாட்டி ஓட்டினார்கள். பம்பு முனகியது. கேனின் வாயில் குழாயிலிருந்து தண்ணீர் வந்து விழுந்தது. மற்ற மோட்டார்களில் நீர்க்கம்பி எவ்வளவு வேகமாகப் பீய்ச்சுகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கை வைப்பது ஒரு உறுதிக்காகத்தான். இதில் வேகம் எப்போதும் ஒன்றுதான், பம்பு அனுப்புகிற வேகம். சூடு மட்டும்தான் சேதி சொல்லும். சுப்புராயன் கையைக் கவிழ்த்து நீட்டி, கண்களை மூடினார். தண்ணீர் மணிக்கட்டைச் சுற்றி, முழங்கையில் திரண்டது. பிடரியில் தேய்த்துக்கொண்டார்.

"சில்லுன்னு இருக்கு."

பக்கிரிக்குச் சுருள்தான் உறுத்தியது. ஆள் கழுத்தளவு நீளத்துக்குத் தொங்கியது. "வலை மாட்டும் மாமா. மணல் மேட்டத் தாண்டச்சொல்ல அடியில போயி இடிக்கும். நசுங்கிப் போச்சின்னா?"

அது நியாயமான பேச்சு. சுப்புராயன் யோசித்தார். தண்ணீர் இவ்வளவு குளிர்ந்து வருகிறதென்றால் இத்தனை சுற்று எதற்கு? ரம்பத்தை எடுத்துச் சுருளைச் சரிபாதியாக அறுத்தார். மிச்சப் பாதியை ஷெட்டில் ஆணியில் மாட்டினார். மறுபடி ஓட்டினார்கள். மோட்டார் நன்றாகச் சூடேறும்வரை, ஆற்றில் ஒரு ரவுண்டு போய் வந்தார்கள். கரைக்கு வந்ததும் பக்கிரி கேனுக்குள் விரலைவிட்டு வெடுக்கென்று எடுத்தான்.

"சுடுது மாமா."

"உனக்கு வெயில் ஒறைக்கிது."

"இல்ல மாமா, நெஜமாதான். வெரல வெக்க முடியல."

"நண்டு கடிச்சாகூட ஒனக்கு அடுத்த நாளுதான் தெரியும். ஒன் கையி சொல்றத நான் நம்பணுமா? நவுரு." கையைக் கவிழ்த்தார். தண்ணீர் விழுவது நன்றாகத் தெரிந்தது. கண்களை மூடி அதையே கேட்டுக்கொண்டிருந்தார். "கொழந்தைக்கி ஊத்தற தண்ணியாட்டம் வெதுவெதுன்னு இருக்கு. இதுக்கா குதிக்கிற?"

பக்கிரி இன்னொரு தரம் விரலை விட்டுப் பார்க்கப்போய், வேண்டாமென்று சட்டையில் துடைத்துக்கொண்டான். இருபது வருடமாக அவர் கை சொன்னது தப்பியதில்லை. "மீட்டர் கீட்டர் ஒண்ணு வெச்சிப் பாத்துக்கலாமா?" என்று மட்டும் கேட்டான்.

"இதோ மீட்டர்" என்று சுப்புராயன் தன் கையைக் காட்டினார்.

அன்று சாப்பாடு போடும்போது இருசம்மாள் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினாள். வெளுத்த திட்டின் ஓரத்தில் நீர் கோத்துக் கொப்புளம். "எங்க சுட்டுக்கின?" என்றாள். சைலன்சரில் பட்டிருக்கும் என்றார். எப்போது என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

உப்பங்கழிக்குள் மெதுவாக ஓடும்வரை மோட்டார் ஒரு குறையும் வைக்கவில்லை. பக்கிரி போன் போட்டுப் போட்டுச் சொன்னான். அடுத்த ஊர்க்காரர்கள் வந்து கேனை எட்டிப் பார்க்கிறார்களாம். ஒருவன் இதில் டீ போடலாமா என்று கேட்டானாம். ஆனி கடைசியில் வெளிக்கடலுக்கும் போய் வந்தான், கிட்டத்திலேயே. சுப்புராயன் இன்னும் இரண்டு பேருக்கு இதே மாதிரி செய்து தருவதாகச் சொல்லி, பழைய ஏசி உடைக்கிறவனிடம் செம்புக் குழாய் சொல்லிவைத்திருந்தார்.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, தில்லையம்மாளின் போன் வந்தது.

"அண்ணே, நேத்து விடிய போனவரு இன்னும் வரல. போனும் போவல. காத்து வேற மேக்கால இருந்து அடிக்குது."

மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்கு என்ன அர்த்தம் என்று கரும்புக்காரருக்கும் இத்தனை வருடத்தில் தெரிந்திருந்தது. மோட்டார் நின்றால் அது படகைக் கரைக்கு விடாது. கடலுக்குள் தள்ளிக்கொண்டே போகும். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். செம்மங்குப்பம் தாண்டும்வரை நின்றுகொண்டே போனார். உட்கார இடம் கிடைத்தும் அவருக்கு உட்காரத் தோன்றவில்லை. ஓட்டுநருக்குப் பக்கத்தில் நின்று, பஸ்ஸின் எஞ்சின் மூடியைப் பார்த்தபடி தன் வேலையை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். கிளிப் கழன்றிருக்குமோ. கேன் கவிழ்ந்திருக்குமோ. பம்புக்குப் போகிற ஒயரில் கடல் தண்ணீர் தெறித்திருக்குமோ. பேட்டரி இறங்கியிருக்குமோ. எல்லாவற்றையும் நினைத்தார். சூட்டை மட்டும் நினைக்கவில்லை. அதைத்தான் கையால் பார்த்தாகிவிட்டதே.

சிதம்பரத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்து முடசலோடைக்குப் போனபோது கரையில் பெண்கள் கூடியிருந்தார்கள். ஊர்ப் படகுகள் தேடிப் போயிருந்தன. சொல்ல வேண்டிய அதிகாரிகளுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. தில்லையம்மாள் முகத்துவாரத்தைப் பார்த்து மணலில் உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் அழவில்லை. "மோட்டாரு நல்லாத்தான இருந்துது அண்ணே?" என்றாள்.

"நல்லாதாம்மா இருந்துது."

"நீங்க கையில பாத்தீங்கன்னு சொன்னாரு. அதனாலதான் நான் வெளிக்கடலுக்கு வுட்டேன்."

சுப்புராயன் அவளுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். செய்வதற்கு ஒன்றுமில்லை. அவருக்கு நீந்தத் தெரியாது. படகு ஓட்டத் தெரியாது. அலையை வைத்து எதையும் படிக்கத் தெரியாது. ஒரு மோட்டாரைப் பிரித்து மாட்டத் தெரியும். அந்த மோட்டார் கண்ணுக்கெட்டாத எங்கோ இருந்தது. தேடப் போன படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முதலில் வந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அதுவும் செய்யாமல் படகை மேலே இழுத்தார்கள். அவரும் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஒருவன், "நீ வுடு மாமா, வழுக்கும்" என்றான். விட்டுவிட்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். யாரோ டீ வாங்கி வந்து கொடுத்தார்கள். பழக்கத்தில் புறங்கை கிளாஸிடம் போனது. பாதியில் நிறுத்தி, டீயை மணலில் வைத்துவிட்டார்.

அன்று முழுக்க அப்படித்தான். கரையிலேயே படுத்தார். விடிந்தும் காற்று நிற்கவில்லை. தில்லையம்மாளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்று வாயைத் திறப்பார். எந்த வார்த்தையை எடுத்தாலும் அது மோட்டாரிடம் போய் முடிந்தது. மூடிக்கொள்வார்.

உச்சி நேரத்துக்கு இருசம்மாள் போன் செய்தாள். அவள் குரல் எப்போதும்போலவே இருந்ததால் அவருக்கு முதலில் புரியவில்லை.

"எங்க இருக்கற? பக்கிரி அண்ணன் இங்க நம்ம ஷெட்டுல ஒக்காந்திருக்காரு. தேவனாம்பட்டினத்துப் படகுக்காரங்க கட்டி இழுத்தாந்து துறைமுகத்துல வுட்டாங்களாம். நேரா இங்கதான் வந்தாரு. போனு கடல்ல போயிடுச்சாம். மோட்டாரையும் கொண்டாந்துருக்காரு. கஞ்சி குடுத்தேன், குடிக்கிறாரு."

அவர் முடசலோடையில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் காற்றும் நீரோட்டமும் அவனை வடக்கே, அவருடைய வாசலுக்கே, தள்ளிக்கொண்டு போயிருந்தன.

தில்லையம்மாளைக் கூட்டிக்கொண்டு கடலூருக்குத் திரும்பினார். வழியெல்லாம் அவள் அழுதாள். இவர் ஜன்னல் வழியே பார்த்தபடி வந்தார். நன்றாக இருக்கிறான், நன்றாக இருக்கிறான் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் அது மெல்ல வேறு பக்கம் திரும்பியது. நன்றாக இருக்கிறான் என்றால், மோட்டாருக்கு என்ன ஆயிற்று?

பக்கிரி ஷெட்டில் கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்திருந்தான். முகம் உப்புப் பூத்திருந்தது. கைகள் இரண்டையும் ஈரத்துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தான். தில்லையம்மாள் போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுப்புராயன் அவனைத் தொட நினைத்தார். அதற்குள் கண் தரைக்குப் போய்விட்டது. மோட்டார் கிடந்தது. கேன் ஒரு பக்கம் இளகி, மெழுகுபோலச் சரிந்திருந்தது.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். மோட்டாரைக் கிளப்பும் கயிற்றைச் சுற்றி இழுத்தார், அசையவில்லை. உள்ளே பிஸ்டன் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. பம்பைத் தனியாகக் கழற்றிப் பேட்டரியில் தொட்டார். ஓடியது. கிளிப்புகள் இறுக்கமாக இருந்தன. குழாய் எங்கும் விரிசல் இல்லை. சுருள் நசுங்கவில்லை. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அவர் அதையே திரும்பவும் கழற்றிப் பார்த்தார்.

"கேன்ல தண்ணி கம்மியா ஊத்தினியா மாப்ள?"

"நீ போட்ட கோடு வரைக்கும் ஊத்துனேன்."

"சுருள மேல தூக்கிக் கட்டினியா? தண்ணியில முங்காம இருந்துதா?"

"முங்கித்தான் இருந்துது. முழு வேகம் வெச்சி வந்தேன் மாமா, காத்துக்கு எதிர. கேன்ல கொதிக்கிற சத்தம் கேட்டுது. சோறு கொதிக்குமில்ல, அப்பிடி. நிறுத்தறதுக்குள்ள அதுவே நின்னுடுச்சி."

"கொதிக்காது."

"கொதிச்சிது."

"எப்பிடிக் கொதிக்கும்? அந்தப் பாதிச் சுருளு வெச்சித்தான அன்னைக்கி ஓட்டுனோம்? வெதுவெதுன்னுதான இருந்துது? நீ நடுவுல எதையோ கழட்டியிருக்க. சொன்னா என்னா இப்ப? நான் கையில பாத்தேன் பக்கிரி."

மாப்ள என்று சொல்லவில்லை. அவருக்கே அது காதில் விழுந்தது.

பக்கிரி துண்டை மெல்ல அவிழ்த்தான். கேன் சரிந்தபோது தாங்கிப் பிடித்திருக்கிறான். உள்ளங்கை இரண்டும் வெந்து, தோல் வழன்று, வெள்ளையும் சிவப்புமாக இருந்தன. கயிறும் துடுப்பும் உப்பும் காய்க்க வைத்த கை.

"நானும் கையிலதான் பாத்தேன்" என்றான்.

இருசம்மாள் ஆட்டோ பிடித்து இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். சுப்புராயன் போகவில்லை.

கை ஆறியதும் பக்கிரி அடுத்தவன் படகில் ஏறினான் என்று கேள்விப்பட்டார். மோட்டாரைக் கேட்டு அவன் வரவில்லை. இவரும் போன் செய்யவில்லை. ஒருதரம் துறைமுகத்தில், யாருடைய வலையையோ தோளில் போட்டுக்கொண்டு போகிறவனைப் பார்த்தார். கூப்பிடுவதற்குள் ஐஸ் வண்டி குறுக்கே வந்தது. அது போனபோது அவன் இல்லை. வண்டி வந்ததில் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

ஆனால் ஷெட்டைச் சாத்திய பிறகும் மூளை அதையே பிரித்துக்கொண்டிருந்தது. யாரோ வேண்டாமென்று விட்டுப்போன இன்னொரு பழைய மோட்டாரில் அதே பம்பு, அதே பாதிச் சுருள், புதுக் கேன் எல்லாம் மாட்டினார். ஆற்றில் முக்கிக் கொஞ்ச நேரம் ஓட்டினார். கையைக் கவிழ்த்துக் கண்களை மூடினார். வெதுவெதுப்பு. அடுத்த வாரம் மறுபடி. இன்னும் வேகம் வைத்து. வெதுவெதுப்பு. எத்தனை தரம் கேட்டாலும் கை ஒரே பதிலைத்தான் சொன்னது. கொதித்தது என்று அவன் சொல்கிறான். வெந்த கை இருக்கிறது. இளகின கேன் இருக்கிறது. இருந்தும் அவருக்கு நம்ப முடியவில்லை. அவன் பொய் சொல்கிறவன் என்றும் நம்ப முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஆணியில் மாட்டியிருந்த மிச்சச் சுருள் காற்றில் ஆடி, தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் அதைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் கொடுக்கப் போனார். பாதி வழியில் திரும்பிக் கொண்டுவந்து அதே ஆணியில் மாட்டினார்.

தை மாதம், வீடு வீடாக வருகிற சுகாதாரப் பணியாளர் தமிழ்ச்செல்வி அவர்கள் தெருவுக்கு வந்தாள். நீலப் புடவை, தோளில் பை. காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, "யாருக்காச்சும் ஒடம்புல வெளுப்பா தேமல் மாதிரி, தொட்டா தெரியாம இருக்காம்மா?" என்றாள். பாடம் ஒப்பிக்கிற குரல்.

"இவுருக்குக் கையில ஒண்ணு இருக்கு. ஆனா அது பெட்ரோல்" என்றாள் இருசம்மாள்.

"அண்ணே, கண்ண மூடிக்கிங்க. பேனா முனையால தொடுவேன். தொட்ட எடத்துல மத்த கையால காட்டணும்."

சுப்புராயனுக்குச் சிரிப்பு வந்தது. கையைக் கவிழ்த்து நீட்டி, கண்களை மூடினார். அது அவருக்குப் பழக்கமான காரியம். சுண்டுவிரலுக்குப் பக்கம் தொட்டாள், காட்டினார். மணிக்கட்டில் தொட்டாள், காட்டினார். பிறகு அவள் தொடவில்லை. அவர் காத்திருந்தார். தெருவில் ஒரு மீன்காரி கூவிக்கொண்டு போனாள்.

"தொடும்மா" என்றார்.

கண்களைத் திறந்தார். இருசம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்திருந்தாள். பேனா முனை அவர் கையின் அந்தத் திட்டில் குழிவிழ அழுந்தி நின்றிருந்தது.

சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாள். அங்கே சின்ன வயது டாக்டர் ஒரு பெண். இரண்டு கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் எடுத்துவந்து, ஒவ்வொன்றாகத் திட்டின் மேலும், அதிலிருந்து முழங்கை வரைக்கும் வைத்தாள். எது சுடுகிறது, எது குளிர்கிறது என்று சொல்லச் சொன்னாள். ரெண்டும் ஒண்ணுதான் என்று அவர் சொன்னார். அவள் அதே குழாய்களை அவருடைய வலது கைக்கு மாற்றினாள். இரண்டாவது குழாய்க்கு அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

அது தொழுநோய் என்று சொன்னாள். சொன்ன கையோடு, பயப்படுகிற காலமெல்லாம் போய்விட்டது என்றாள். மாத்திரை சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும், தோல் நிறம் திரும்பும், ஆனால் போன உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது. இருசம்மாள் மெல்ல மூச்சுவிட்டாள். சுப்புராயன் மாத்திரையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"இது எப்போலேருந்து இருக்கும்மா?"

"பாத்தா ரெண்டு மூணு வருஷமாவது ஆயிருக்கும்."

"இல்ல. போன ஆடிக்கு முன்ன எனக்குத் தண்ணி வுழுறது தெரிஞ்சிதே. நல்லா தெரிஞ்சிது. கண்ண மூடிக்கிட்டுக்கூட தெரிஞ்சிது."

அவர் எந்தத் தண்ணீரைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னாள்.

"தெரிஞ்சிருக்கும். தொட்டா தெரியறது கடசியிலதான் போவும். இதுல மொதல்ல போறது சூடு."